மண்ணிடம் கேட்டுப் பெற்ற அளவு

உறவினர்கள் இன்றும் என்னை ஓவியம் படித்தவள் என்றே அறிமுகப்படுத்துகிறார்கள். அலெக்சாண்டர் ஹன்டர் 1850-இல் தொடங்கி, இன்று ஈ.வெ.ரா. பெரியார் சாலையில் இயங்கும் சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் நான் படித்தது பீங்கான் வடிவமைப்பு. இறுதியாண்டுத் திட்டமாக, ஃபில்டர் காபிக்கான டம்ளரையும் டபராவையும் பீங்கானில் செய்ய எடுத்துக்கொண்டேன்.

கணினியில் முப்பரிமாண வரைவை முடிப்பது எளிது. அதில் எந்த அளவை இடுவது என்பதைத்தான் மண்ணிடம் கேட்டறிய வேண்டியிருந்தது. ஈரமண் பட்டையில் 100 மில்லிமீட்டர் கோடு கீறி, உலர்த்திச் சுட்டபின் அளந்தால் 88 இருந்தது. சுருக்கம் 12 விழுக்காடு என்பதால் அளவோடு 12 விழுக்காட்டைக் கூட்டினால் போதும் என்று தோன்றும், ஆனால் 0.88-ஆல் வகுக்க வேண்டும். டபராவின் வாய் 110 மில்லிமீட்டர் வேண்டுமெனில் மாதிரி 125 இருக்க வேண்டும். கூட்டல் கணக்கோ 123.2 என்றுதான் காட்டும். டம்ளர் டபராவுக்குள் இறுக்கமின்றி அமர வேண்டிய இடத்தில் இந்த வேறுபாடு சிறிதன்று.

முப்பரிமாண அச்சுப்பொறியில் எடுத்த மாதிரியின் மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி வார்ப்பச்சு செய்தேன். வாய் அகன்று அடி குறுகிய வடிவம் என்பதால் ஒரே துண்டு அச்சு போதுமானதாக இருந்தது. ஐப்பசி மழையில் அச்சு உலர மறுத்தது (சென்னையில் இறுதியாண்டுத் திட்டத்தை மழைக்காலத்துக்குத் தள்ளிவைக்காதிருப்பது நல்லது). அவசரப்பட்டு அதிகச் சூடேற்றினால் பிளாஸ்டர் தன் படிக நீரையும் இழந்து பொடியத் தொடங்கும் என்பதால், மின்விசிறிக் காற்றையே நம்பினேன்.

மண்கூழில் சிறிதளவு சோடியம் சிலிகேட் சேர்த்தால், தண்ணீரைக் கூட்டாமலேயே அது இளகி ஓடும். அதை அச்சில் ஊற்றியபின் அச்சு நீரை உறிஞ்ச, பாத்திரத்தின் சுவர் வேண்டிய தடிமன் பெற்றதும் மீதிக் கூழைக் கவிழ்த்துவிட வேண்டும்.

முதற்சூட்டில், 573 டிகிரி செல்சியஸை ஒட்டி மண்ணிலுள்ள குவார்ட்ஸ் திடீரென விரிவதால், அந்தக் கட்டத்தைச் சூளை மெதுவாகக் கடக்குமாறு அமைத்தோம். கிளேஸ் என்னும் கண்ணாடிபோன்ற மேற்பூச்சைப் பூசியபின், சூளைத்தட்டில் ஒட்டாதிருக்க அடிப்பகுதியை மட்டும் ஈரப் பஞ்சால் துடைத்தேன். இரண்டாம் சூட்டுக்குப் பின் டபராவின் வாய் 109.5 மில்லிமீட்டர் இருந்தது. மதிப்பிட வந்தவர் எதுவும் கேட்காமல் டம்ளரை அதற்குள் வைத்துச் சுழற்றிப் பார்த்தார்.