தம்பியின் இதயம்

ஜூன் 4, 2024

பயாப்சி ரிப்போர்ட் வந்துவிட்டது. சார்கோமா, அதாவது புற்றுக்கட்டி. போன மாதம் இடது மேலறையில் இருந்த கட்டியை எடுத்தபோது, மிக்ஸோமா என்கிற, புற்று இல்லாத கட்டியாகத்தான் இருக்கும், இதயத்தில் வருவதில் அதுதான் அதிகம், எடுத்துவிட்டால் தொல்லை இல்லை என்றார்கள். நம்பினோம். தம்பி ராத்திரி படுத்தாலே இருமுவான், மூன்று தலையணையை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்குவான், அதை ஆஸ்துமா என்று நினைத்து ஆறு மாதம் இன்ஹேலரோடு ஓட்டினோம். அந்த ஆறு மாதம் நெஞ்சைவிட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

பின்சுவரில், நுரையீரலிலிருந்து ரத்தக்குழாய்கள் வந்து சேரும் இடத்தில், இன்னும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறதாம்.

ஜூன் 7

பெரியப்பா போனில், "இதயத்தையே மாத்திட்டா என்னம்மா?" என்றார். எனக்கும் அதேதான் தோன்றியது. டாக்டரிடம் கேட்டேன். மாற்று இதயத்தை உடம்பு ஒதுக்காமல் இருக்க டாக்ரோலிமஸ் மாதிரி மருந்தை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும், அது எதிர்ப்புச் சக்தியை அடக்கும், எங்கேயாவது ஒரு புற்றணு ஒளிந்திருந்தால் அதற்குக் கொண்டாட்டம் என்றார். சார்கோமாவுக்கு இதயம் மாற்றி வருடக்கணக்கில் வாழ்ந்தவர்களும் உண்டு, நோய் திரும்பி வந்தவர்களும் உண்டு. "பரவாத கட்டி, ஃபைப்ரோமா மாதிரி, வெட்டவும் முடியலைன்னா நானே லிஸ்ட்ல பேர் கொடுக்கச் சொல்வேன்."

ஜூன் 12

பெட் ஸ்கேனில் வேறெங்கும் பரவியதாகத் தெரியவில்லை. அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

அப்புறம்தான் டாக்டர் இன்னொரு வழியைச் சொன்னார். இடது மேலறை இதயத்தின் முதுகுப் பக்கம் இருக்கிறது, உள்ளே வைத்தபடி அங்கே கத்தி சரியாகப் போகாது. அதனால் ஆளை இதய நுரையீரல் இயந்திரத்தில் போட்டு, அவன் இதயத்தையே வெளியே எடுத்து, கட்டியைச் சுத்தமாக வெட்டி, வெட்டிய சுவருக்கு மாட்டின் இதய உறையை வைத்துத் தைத்து, மறுபடி அவனுக்கே பொருத்துவது. 1985-ல் அமெரிக்க இதய அறுவை நிபுணர் டென்டன் கூலி முயன்றது, 1998-ல் ஹூஸ்டனில் மைக்கேல் ரியர்டன் புற்றுக்கட்டிக்குச் செய்து வெற்றி கண்டது. சொந்த இதயம் என்பதால் அந்த மருந்தெல்லாம் தேவையில்லை.

தம்பி ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "வெளிய எடுத்த நேரத்துல அது எங்க சார் இருக்கும்?"

"ஐஸ் போட்ட கிண்ணத்துல, என் கைக்குப் பக்கத்துல."

ஜூன் 20

முதலில் கீமோ. டாக்ஸோரூபிசின். ரோஸ்மில்க் மாதிரி சிவப்பாகக் குழாயில் இறங்குகிறது. சிறுநீரும் சிவப்பாகப் போகும், பயப்படாதீர்கள் என்று நர்ஸ் முன்கூட்டியே சொன்னதால் பிழைத்தோம். இந்த மருந்தே இதயத்தைப் பலவீனமாக்கக்கூடியதாம், அதனால் அளவைக் கணக்கு வைத்துக் கொடுக்கிறார்கள், நடுநடுவே இதயத்துக்கு எக்கோ ஸ்கேன்.

ஜூலை 11

இரண்டாவது சுற்று முடிந்தது. தலைமுடி கொத்துக்கொத்தாக வருகிறது என்று தானே மொட்டை போட்டுக்கொண்டான். கட்டி சுருங்கினால் ஆபரேஷன் தேதி கொடுப்பார்கள். பி பாசிட்டிவ் ரத்தத்துக்குச் சித்தப்பா பிள்ளைகள் இரண்டு பேரும் அவன் ஆபீஸில் நாலு பேரும் பெயர் கொடுத்திருக்கிறார்கள், இன்னும் நாலு பேர் வேண்டும்.