கையைக் கட்டிக்கொண்டு உட்காரப் படித்தது

முப்பத்தெட்டு வயதில் அப்ரண்டிஸ் ஆகிவிட்டேன் என்று சொன்னதும் ஊரிலிருந்து அம்மா போனில் கேட்டது, "என்னடி, லேத்துப் பட்டறையிலயா?" அம்மா மேல் தப்பில்லை, நமக்கு அந்தச் சொல் தெரிந்ததே ஐடிஐ முடித்த பையன்கள் வழியாகத்தான். இங்கிலாந்தில் நர்சரியில் வேலை பார்த்துக்கொண்டே படித்து 'ஏர்லி இயர்ஸ் எஜுகேட்டர்' ஆவதற்கும் அதே பெயர்தான். லெவல் 3, அதாவது நம் பிளஸ் டூ மட்டத்துப் படிப்பு, ஒன்றரை வருடம் போல ஆகும். பி.காம் முடித்து, கல்யாணமாகி இங்கே வந்து, இரண்டு பிள்ளைகளைப் பெற்று, எட்டு வருடம் வீட்டில் இருந்துவிட்டு 2023 செப்டம்பரில் லண்டன் ஓரத்தில் ஒரு நர்சரியில் சேர்ந்தேன். இரண்டு பிள்ளை வளர்த்தவளுக்கு இதில் புதிதாகக் கற்றுக்கொள்ள என்ன இருந்துவிடப் போகிறது என்ற நினைப்பு எனக்கு நன்றாகவே இருந்தது.

அந்த நினைப்பு நவம்பர் வரை தாங்கியது.

என்னை இரண்டு வயதுக் குழந்தைகள் அறையில் போட்டிருந்தார்கள். நவம்பரில் தோட்டத்துக்குப் போவதென்றால் பத்துக் குழந்தைகளுக்கும் கோட் போடவேண்டும். நான் இதில் மின்னல். ஒரு கையால் பிடித்து, இன்னொரு கையால் நுழைத்து, ஜிப்பை இழுத்து, அடுத்தது. மூன்று நிமிடத்தில் ஐந்து பேரை முடித்துவிட்டுப் பெருமையாக நிமிர்ந்தால், எங்கள் ரூம் லீடர் (என் தங்கையை விடச் சின்னவர், முதல் வாரம் 'மேடம்' என்று கூப்பிட்டு அவரைச் சங்கடப்படுத்திவிட்டேன்) ஒன்றும் சொல்லாமல் ஆறாவது கோட்டை என் கையிலிருந்து வாங்கித் தரையில் விரித்தார். உள்பக்கம் மேலே, தலைக்குல்லா குழந்தையின் காலடியில் இருக்கும்படி, தலைகீழாக. குழந்தை குனிந்து இரண்டு கையையும் இரண்டு சட்டைக்கைக்குள் விட்டு, தலைக்கு மேலே தூக்கிப் பின்னால் போட்டால் கோட் தானாக முதுகில் வந்து உட்காரும். ஜிப்பின் அடி முனையை மட்டும் நாம் கோத்துக் கொடுக்கலாம், மேலே இழுப்பது அவர்கள் வேலை.

அந்த ஆறாவது கோட்டுக்காரப் பெண் குழந்தைக்கு அன்றைக்கு நாலு நிமிடம் ஆனது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் இடது கை வலது பக்கத்தில் போனது. இழுத்துப் பார்த்தாள், வரவில்லை, அப்படியே கோட்டின் மேல் உட்கார்ந்து தலைக்குல்லாவின் ரோமத்தைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தாள். எழுந்தாள், ஒரு உதை விட்டாள், திரும்ப விரித்தாள். என் கை மூன்று தடவை தானாகவே நீண்டது, மூன்று தடவையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். கடைசியில் கோட் தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றி முதுகில் விழுந்தது. கைதட்டலாம் என்று நான் தயாராக இருந்தேன், அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நேராகக் கதவை நோக்கிப் போய்விட்டாள். மூன்று நிமிடத்தில் ஐந்து பேருக்குப் போட்டுவிட்ட என் திறமையின் விலை என்னவென்று அன்றைக்குத்தான் உறைத்தது. அந்த ஐந்து பேருக்கும் ஆளுக்கு நாலு நிமிடப் பயிற்சியை நான் பிடுங்கியிருக்கிறேன்.

சரி, மீதி விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நர்சரி வேலை என்றால் பாட்டுப் பாடிக் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பது என்றுதான் எங்கள் வாட்ஸாப் குழுவில் எல்லோரும் நினைக்கிறார்கள். சேருவதற்கு முன்னாலேயே டிபிஎஸ் என்கிற குற்றப் பின்னணிச் சோதனை. அப்புறம் பன்னிரண்டு மணி நேரம் குழந்தைகளுக்கான முதலுதவிப் பயிற்சி, மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். ரப்பர் பொம்மையைக் கையில் கவிழ்த்துப் போட்டு முதுகில் ஐந்து தட்டு, திருப்பி நெஞ்சில் ஐந்து அழுத்து என்று செய்துகாட்டும்போது, என் பெரியவன் சின்ன வயதில் திராட்சையை முழுசாக விழுங்கியதெல்லாம் ஞாபகம் வந்து வயிறு கலங்கியது. அதன் பிறகு எங்கள் வீட்டிலும் திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்டித்தான் வைக்கிறேன். குழந்தை தூங்கும்போது மல்லாக்கப் படுக்கவைப்பது, பத்து நிமிடத்துக்கு ஒருதரம் போய் மூச்சைப் பார்த்து நேரத்தைக் குறித்து வைப்பது, விழுந்து முட்டி சிராய்த்தால் ஒரு படிவம், சாயங்காலம் பெற்றவர் கையெழுத்து. ஒரு பிள்ளை இன்னொன்றைக் கடித்தால் படிவம் உண்டு, ஆனால் கடித்தது யார் என்று கடிபட்ட பிள்ளையின் அம்மாவிடம் சொல்லக்கூடாது. நம் ஊராக இருந்தால் கடித்தவனின் தாத்தா பெயர் வரைக்கும் தெருவுக்கே தெரிந்திருக்கும்.

ரேஷியோ, அதாவது எத்தனை குழந்தைக்கு ஒரு ஆள் என்ற கணக்கு, எங்கள் மூச்சு. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் மூன்று பேருக்கு ஒரு ஆள். மூன்று வயதைத் தாண்டியவர்கள் எட்டுப் பேருக்கு ஒருவர், ஆசிரியர் தகுதி உள்ளவர் இருந்தால் பதின்மூன்று வரை போகலாம். இரண்டு வயதுக்கு நாலு பேருக்கு ஒருவர் என்றிருந்ததை நான் சேர்ந்த அதே 2023 செப்டம்பரில்தான் ஐந்து பேருக்கு ஒருவர் என்று மாற்றினார்கள். ஒரு குழந்தைதானே கூட என்று தோன்றும். ஒருவர் நாப்பி (டயப்பர்) மாற்றப் போய்விட்டால் மீதி ஒன்பதும் மற்றவர் கண்ணில் என்று ஆகும்போது அந்த ஒரு குழந்தையின் கனம் தெரியும். தகுதியானவர், பொறுப்பானவர் என்று நர்சரி முடிவு செய்தால் அப்ரண்டிஸையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். என்னைச் சீக்கிரமே தகுதியாக்கிவிட்டார்கள், காரணம் என் திறமையா ஆள் பற்றாக்குறையா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆனால் ஒன்றைக் கேட்டேன். வாரத்துக்குக் குறைந்தது ஆறு மணி நேரம் படிப்புக்கென்று வேலை நேரத்திலேயே ஒதுக்கவேண்டும் என்பது அப்போதைய விதி. எனக்கு அது செவ்வாய் மதியம். ஒருத்தருக்குக் காய்ச்சல் வந்தால் என் செவ்வாய் போய்விடும், இரண்டு மாதத்தில் அப்படி ஐந்து செவ்வாய் போனது. சம்பளமோ முதல் வருட அப்ரண்டிஸ் என்பதால் மணிக்கு 5.28 பவுண்டு. பக்கத்தில் அதே நாப்பியை மாற்றிக்கொண்டிருந்தவருக்குச் சட்டப்படி குறைந்தபட்சமே 10.42. குறைவான காசுக்குப் படிப்பு உண்டு என்பதுதான் பேரம், படிப்பையும் எடுத்துக்கொண்டால் எப்படி? நாள்காட்டியில் குறித்து வைத்திருந்ததைப் பயிற்சி நிறுவனத்து ட்யூட்டரிடம் காட்டினேன், அவர் மேனேஜரிடம் பேசினார், செவ்வாய்க்கிழமைகள் பாதி திரும்பி வந்தன. முழுசாக வரவில்லை. இரண்டாம் வருடம் வயதுக்குரிய சம்பளத்துக்கு வந்துவிட்டேன், 11.44. அந்த மாதச் சம்பளச் சீட்டை இரண்டு தடவை பிரித்துப் பார்த்தேன்.

படிப்பில் என்னைப் பிழிந்தெடுத்தது அப்சர்வேஷன். குழந்தை என்ன செய்கிறது என்று கவனித்து எழுதவேண்டும், அவ்வளவுதான். நான் முதலில் எழுதியது: 'இன்று தண்ணீரில் மிகவும் மகிழ்ச்சியாக விளையாடினான்.' ரூம் லீடர் அதைப் படித்துவிட்டு, மகிழ்ச்சி என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள், என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார். யோசித்தேன். அவன் சிரிக்கவே இல்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு குடுவையில் தண்ணீர் மொண்டு சல்லடையில் ஊற்றினான், அது ஒழுகியது, குனிந்து சல்லடைக்கு அடியில் பார்த்தான், கொஞ்சம் உயரமாகத் தூக்கிப் பிடித்துத் திரும்ப ஊற்றினான். எழுதவேண்டியது அதுதான். 'சமர்த்து', 'சேட்டை', 'சந்தோஷம்' எல்லாம் என் மண்டைக்குள் இருப்பவை, தொட்டியில் நடந்தவை அல்ல. பள்ளிக்கு முந்தைய வயதுக்கென்று இந்த நாட்டில் இருக்கும் இஒய்எஃப்எஸ் என்ற வரையறையில் வளர்ச்சியை ஏழு துறைகளாகப் பிரித்திருக்கிறார்கள். பேச்சும் மொழியும், உடல் வளர்ச்சி, மனமும் பழகுதலும் ஆகிய மூன்றும் அடிப்படை, எழுத்து, கணக்கு, உலகத்தைப் புரிந்துகொள்வது, கலை என்ற நாலும் அதன் மேல் வருபவை. பார்த்ததை நேர்மையாக எழுதினால்தான் அது எந்தத் துறையில் சேரும், அடுத்து என்ன வைக்கலாம் என்று யோசிக்க முடியும். 'மகிழ்ச்சி'க்கு அடுத்தது என்ன வைப்பது? சல்லடைக்கு அடுத்தது புனல் வைக்கலாம்.

அதே மாதிரி ஸ்கீமா. சில குழந்தைகள் ஒரே மாதிரிச் செய்கையைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். கண்ணில் பட்டதையெல்லாம் பைக்குள் போட்டு அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்குக் கொண்டுபோய்க் கொட்டுவது அதில் ஒன்று. அது குறும்பு இல்லை, பொருள் இடம் மாறினால் என்ன ஆகிறது என்று உடம்பாலேயே கேட்டுப் பார்க்கிறார்கள் என்று படித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. என் சின்னவன் இரண்டு வயதில் வெங்காயம், கரண்டி, ரிமோட் எல்லாவற்றையும் அண்ணனின் ஸ்கூல் பைக்குள் போட்டு இழுத்துக்கொண்டு திரிவான். திட்டியிருக்கிறேன். ஒருதரம் அடித்தும் இருக்கிறேன்.

கைக்குழந்தைகள் அறையில் இருந்த ஆறு வாரத்தில் பார்த்தது புதையல் கூடை. எலினோர் கோல்ட்ஷ்மீட் என்ற அம்மையார் கொண்டுவந்தது. உட்காரத் தெரிந்து இன்னும் தவழத் தொடங்காத குழந்தை முன்னால் ஒரு கூடை நிறைய மரக்கரண்டி, பிரஷ், உலோக வடிகட்டி, எலுமிச்சம்பழம், துணி இப்படி, பிளாஸ்டிக் பொம்மை ஒன்றுகூடக் கிடையாது. பெரியவர் பக்கத்தில் இருக்கவேண்டும், ஆனால் பேசக்கூடாது. தமிழ் அம்மாவால் முடிகிற காரியமா! 'அச்சோ, இங்க பாரு செல்லம், இது என்ன?' என்று நாக்கு நுனி வரை வந்து நிற்கும். குழந்தை எலுமிச்சையை நக்கி, முகத்தைச் சுளித்து, கீழே போட்டு, திரும்ப எடுத்து நக்கும். பேசாமல் இருந்ததால்தான் அந்த இரண்டாவது நக்கலை நான் பார்த்தேன்.

2024 ஏப்ரலில் வேலைக்குப் போகிற பெற்றோரின் இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு வாரம் பதினைந்து மணி நேரம் அரசு செலவில் என்று வந்ததும் எங்கள் அறை நிறைந்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் வந்தவன்தான் ஒரு தமிழ்ப் பையன் (பெயரெல்லாம் சொல்லக்கூடாது, சொல்லவும் மாட்டேன்). எனக்குத்தான் கீ பெர்சன் பொறுப்பு, அதாவது அவனுக்கென்று தனியாகக் கவனம் வைக்கும் ஆள். மூன்று வாரம் வாயே திறக்கவில்லை. "வீட்ல தமிழ் பேசுறதாலதான் இப்படின்னு எல்லாரும் சொல்றாங்க அக்கா, இங்கிலீஷ்லயே பேசணும்னு இப்ப நிறுத்திட்டோம்" என்று அவன் அம்மா சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. வீட்டு மொழியை விளையாட்டிலும் கற்றலிலும் பயன்படுத்த வாய்ப்புக் கொடுக்கவேண்டும் என்று அந்த இஒய்எஃப்எஸ்ஸிலேயே இருக்கிறது. "நிறுத்தாதீங்கம்மா, பேசுங்க, நல்லா பேசுங்க" என்றேன். ஒரு தாளில் 'தண்ணி, மூச்சா, வேணாம், தூக்கு' என்று ஆங்கில எழுத்தில் எழுதி அறைக் கதவுக்குப் பின்னால் ஒட்டினேன். அடுத்த வாரம் எங்கள் ரூம் லீடர் பாஸ்தா தட்டை நீட்டி அவனிடம் "வேணாமா?" என்று கேட்டார், ணகரம் சுத்தமாக வரவில்லை. அவன் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு "வேணும்" என்றான். அந்தச் சொல் எங்கள் தாளில் இல்லை, அவனே அதைச் சேர்த்துக்கொடுத்தான். இரண்டு வயதுக்கும் மூன்று வயதுக்கும் நடுவில் எழுதவேண்டிய முன்னேற்ற அறிக்கையில் அவன் தமிழ்ச் சொற்களையும் சேர்த்தே எண்ணினேன்.

தேர்வு 2025 மார்ச்சில் முடிந்தது. கொள்குறித் தேர்வு ஒன்று, நான் எழுதிச் சேர்த்த படிப்புக் கோப்பின் அடிப்படையில் நீண்ட உரையாடல் ஒன்று. அதில் கோட் கதையைச் சொன்னேன், கடிகாரம் பார்த்ததையும் சேர்த்து.

முடிவு வந்த வாரத்தில் ஒருநாள் அந்தப் பையனைக் கூட்டிப்போக அவன் அம்மா வந்தார். "இன்னைக்கு எப்படி இருந்தான் அக்கா?" என்றார். 'ரொம்பச் சமர்த்தா இருந்தான்' என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். "நீலக் குடுவையில் பதினோரு தடவை தண்ணி மொண்டு புனல் வழியா பாட்டில்ல ஊத்தினான். பாட்டில் நிறைஞ்சு வழிஞ்சதும் 'போதும்'னு அவனே சொன்னான். பன்னிரண்டாவது குடுவைய என் ஷூக்குள்ள ஊத்திட்டான்" என்றேன். அந்த அம்மா என் காலைக் குனிந்து பார்த்தார். நான் சாக்ஸோடு நின்றுகொண்டிருந்தேன்.