ஒரே பேனா, ஏழு நாள்

மனநல சிகிச்சைக்கு வரும் பதின்வயதினர் நாளுக்கு ஒரு கட்டமாக நிரப்ப வேண்டிய வார அட்டை இது. ஏழு கட்டத்திலும் ஒரே நீல மை, ஒரே சாய்வு. உள்ளே வருவதற்கு முன் காரில் உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் நிரப்பிய அட்டை. பார்த்தாலே தெரிகிறது.

அமெரிக்காவில் பதின்வயதினருக்கான தீவிர வெளிநோயாளர் சிகிச்சை (மருத்துவமனையில் தங்காமல் வந்துபோவது) பெரும்பாலும் பள்ளி விட்ட பிறகுதான். வாரம் 3 நாள், தினம் 3 மணி நேரம் என்பது வழக்கமான கணக்கு.

அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான் உருவாக்கிய டிபிடி (உணர்ச்சிக் கொந்தளிப்பைச் சமாளிக்கும் திறன்களைக் கற்றுத்தரும் உளவியல் சிகிச்சை) முறையில் இந்த அட்டைதான் அச்சாணி. தன்னைக் காயப்படுத்தும் உந்துதலுக்கு 0 முதல் 5 வரை ஒரு எண். கூடவே அன்று எந்தத் திறன் கைகொடுத்தது என்ற குறிப்பு.

செவ்வாய் இரவு 4 ஆக இருந்தது வியாழன் மாலை நினைவில் 2 ஆகிவிடும். பேச வேண்டிய இரவே அதோடு போச்சு.

தூங்கப் போகுமுன் இரண்டு நிமிடம் போதும். அம்மா எட்டிப் பார்க்காமல் இருக்கணும். பார்த்தால் எல்லாம் 0தான்.

காலி அட்டைகூடத் தேவலை. ஏன் காலி என்றாவது பேசலாம்.