ஏணிக் கணக்கு

நம் பழைய மாணவர் சங்க மலர்க் குழுவிலிருந்து தம்பி ஒருவர் போன் எடுத்தார். "அண்ணை, சேரைப் பற்றி ஐந்நூறு சொல்லுக்குள்ள எழுதித் தாங்கோ. நல்லதா நாலு விசயம் இருந்தால் காணும்" என்றார். நம் கணக்குச் சேர் போன மாசியில் போய்விட்டார், 92 வயதில், ஒருநாளும் படுக்கையில் கிடக்காமல். செத்தவீட்டை உங்களைப் போல நானும் இங்கே கனடாவில், ஸ்காபுறோவில் சோபாவில் இருந்து போனில்தான் பார்த்தேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அங்கே பறை அடித்துக் கேட்டது. நடுவில் இரண்டு தரம் படம் நின்று போனது.

நல்ல விசயம் நாலு என்ன, நாற்பது எழுதலாம். ஆனால் எழுத இருந்தால் வேறொன்று வந்து குறுக்கே நிற்கிறது. அதைத் தள்ளிவிட்டு எழுதிப் பார்த்தேன். வாழ்த்துச் செய்தி மாதிரி வந்தது. கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். ஐந்நூறு சொல்லில் அடங்காது. வீடு விற்கிறவர்களின் விளம்பரத்தில் ஒரு பக்கத்தைக் குறைத்தால் இடம் வந்துவிடும்.

சேரின் பெயரை எழுதவில்லை. 'பாகைமானி' என்றால் 1960க்கும் 1993க்கும் இடையில் படித்த எவருக்கும் தெரியும். நடந்து வந்தாலும் சைக்கிளில் வந்தாலும் உடம்பு முன்பக்கம் ஒரு பத்துப் பாகை சரிந்தே வரும். சட்டைப் பையில் பற்பொடி ரின், அதற்குள் சோக்குத் துண்டுகள். வகுப்பில் விரலால் பிடிக்க முடியாத அளவுக்குத் தேய்ந்ததையும் எறியமாட்டார். சனிக்கிழமை வீட்டு வகுப்புக்கு அதுதான். கரும்பலகையை உள்ளங்கையால் அழிப்பார். பின்னேரம் மணியடிக்கும்போது வேட்டியில் கைபட்ட இடமெல்லாம் வெள்ளையில் வெள்ளையாகத் தெரியும்.

அவர் இல்லாவிட்டால் நான் இல்லை என்பதைச் சும்மா சொல்லவில்லை. 1970க்குப் பிறகு வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வராமல் நின்றது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் தோட்டக்காரன் கையில் அப்போதுதான் காசு புழங்கியது. ஐயா இரண்டு பரப்பு கூடுதலாகக் குத்தகைக்கு எடுத்துவிட்டு, "படிச்சுக் கிழிச்சது காணும், தோட்டத்துக்கு இறங்கு" என்றார். பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டவர்களின் புள்ளிக் கதை வேறு அந்த நேரம் ஊரெல்லாம் அடிபட்டது. ஐயாவுக்கு அது நல்ல சாட்டு. "அவங்கள் எடுக்கமாட்டாங்கள். நீ ஏன் மினக்கெடுறாய்?"

நான் ஒரு கிழமை பள்ளிக்கூடம் போகவில்லை. எட்டாம் நாள் பின்னேரம் படலையில் சைக்கிள் மணி. சேர் வந்து திண்ணையில் இருந்தார். அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார். மிளகாய் விலையைப் பற்றி அரை மணித்தியாலம் ஐயாவோடு கதைத்தார், கணக்கு வாத்தியார் மாதிரியே, ஆயிரம் கன்றுக்கு எவ்வளவு உரம், எவ்வளவு இறைப்புக்கூலி என்று. பிறகு எழும்பும்போது, "மிளகாய் விலை எப்பவும் உப்பிடி நிக்காது. பெடியனைத் திங்கக்கிழமை அனுப்புங்கோ" என்றார். அவ்வளவுதான். ஐயா திங்கட்கிழமை என்னை அனுப்பினார். 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டு மிளகாய் விலை விழுந்தபோது ஐயா சேரைத்தான் நினைத்துச் சொன்னார்.

பல்கலைக்கழக அனுமதிக்கு மொழிக்கு மொழி வேறு புள்ளி வைத்த தரப்படுத்தலைப் பற்றி வகுப்பில் அவர் பேசியதும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பலகையின் வலப்பக்க மூலையில் 250 என்று எழுதுவார். கீழே 229. மருத்துவ பீடத்துக்குத் தமிழில் எழுதியவனுக்கு 400க்கு 250 வேண்டும், சிங்களத்தில் எழுதியவனுக்கு 229 போதும். கழித்து 21 என்று போட்டு அதைச் சுற்றி ஒரு வட்டம். "இந்த 21 எதுக்கு? என்ன மொழியிலை பிறந்தாய் எண்டதுக்கு. பிறப்பை வைச்சு ஒருத்தனை நிறுக்கிறது அநியாயமடா. அதைவிட அநியாயம் உலகத்திலை இல்லை." குரல் தழுதழுக்கும். வகுப்பு மூச்சு விடாது. அந்த 21 இரண்டு மூன்று நாளைக்கு மூலையில் அழியாமல் கிடக்கும்.

அதே பலகைதான் இனி நான் சொல்லப்போகிறதுக்கும்.

1971, இரண்டாம் தவணை. பிரயோக கணிதம். அவன் மூன்றாம் வாங்கில் யன்னல் கரையில் இருப்பான். அவன் பெயரையும் எழுதவில்லை. எங்கள் வகுப்புக்காரருக்குத் தெரியும். மற்றவர்களுக்கு இவ்வளவு போதும்: தகப்பன் பனை ஏறுகிறவர், வீடு வடலிக்கரைக்கு அந்தப் பக்கம். நம்மூரில் புதிதாகக் கண்டவனிடம் கேட்கிற முதற்கேள்வி "எவடம்?" என்பதுதானே. இடத்தைச் சொன்னால் மிச்சம் எல்லாம் சொன்ன மாதிரி. கல்லூரியில் எல்லாரும் ஒரே வாங்கில்தான் இருந்தோம். ஐயாவின் காலத்தில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் என்று கேட்டதற்குப் பள்ளிக்கூடங்களைக் கொளுத்திய ஊர் நம்முடையது. அந்த அளவுக்கு நாங்கள் முன்னேறியிருந்தோம். 1968இல் மாவிட்டபுரத்தில் கோயிலுக்குள் விடச் சொல்லிப் போராட்டம் நடந்தபோது எனக்குப் பதினாலு வயது. எங்கள் திண்ணையில் இருந்து பெரியவர்கள் கதைத்தது எல்லாம் காதில் விழுந்தது. அவன் வீட்டுத் திண்ணையில் என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்டதில்லை. அவனும் நானும் ஒன்றாகத்தான் மாங்காய் பிடுங்கினோம், தும்புத்தடி முறைக்கு ஒன்றாகத்தான் கூட்டினோம். அவன் வீட்டுக்கு மட்டும் நான் போனதில்லை.

சேர் கணக்கு வாசித்தார். ஒப்பமான சுவரில் சாய்த்த சீரான ஏணி. கிடையோடு 45 பாகை. கரடான தரை, உராய்வுக் குணகம் மூன்றில் இரண்டு. ஏணியின் நிறையைப் போல இரண்டு மடங்கு நிறையுள்ள ஒருவன் அதில் ஏறுகிறான். எவ்வளவு தூரம் ஏறியதும் ஏணி வழுக்கும்?

நாங்கள் திருப்பம், அதாவது ஏணியைத் திருப்புகிற விசைக் கணக்கு, எடுக்கத் தொடங்கினோம். நான் நாலாவது வரியில் நின்றேன். அவன் கை தூக்கினான். சேர் சோக்கை நீட்டினார். அவன் போய் மூன்று கோடு கீறினான். சுவரின் மறுதாக்கம் ஒன்று, தரையின் மறுதாக்கமும் உராய்வும் சேர்ந்த விளையுள் ஒன்று, இரண்டு நிறையும் சேர்ந்து கீழே போகிற கோடு ஒன்று. மூன்றும் ஒரு புள்ளியில் சந்திக்க வேண்டும். அப்படியென்றால் மொத்த நிறை ஏணியின் மூன்றில் இரண்டு பங்கில் விழ வேண்டும். அதிலிருந்து ஒரு வரி. விடை, நாலில் மூன்று. சோக்கை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினான். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

சேர் பலகையைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். சிரித்தார்.

"ஏறுற கணக்கெண்டால் உனக்கு நான் படிப்பிக்க வேணுமே? பரம்பரையா வந்ததெல்லே!"

வகுப்பு வெடித்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். முதலில் சிரித்தவன் நானோ என்றுகூட இப்போது ஐமிச்சமாக இருக்கிறது. அவனும் சிரித்தான், அதுதான் எனக்கு மறக்காதது. வாயின் ஒரு பக்கத்தால் கொஞ்சம். சேர் உள்ளங்கையால் மூன்று கோட்டையும் அழித்துவிட்டு, தன்னுடைய முறையில் திருப்பம் எடுத்து, பதினாலு வரியில் அதே நாலில் மூன்றுக்கு வந்து சேர்ந்தார். சரி என்றோ பிழை என்றோ அவனுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

சேர் அதைக் கோபத்தில் சொல்லவில்லை. இன்னும் சொன்னால், மெச்சுகிற மாதிரித்தான் சொன்னார். அதனால்தான் இத்தனை வருசமாக இதை எந்தப் பெட்டிக்குள் போடுவது என்று தெரியாமல் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை வகுப்புக்கு எங்களிடம் சதம் வாங்காதவர், அவனிடமும் வாங்கவில்லை. வரவேண்டாம் என்று சொன்னதுமில்லை. எங்களுடைய கொப்பியைத் திருத்துகிற அதே சிவப்பு மையால் அவனுடையதையும் திருத்தினார். இடைவேளைக்குத் தேத்தண்ணி வரும். எங்களுக்குச் சில்வர் கிளாஸ். அவனுக்கு ஒரு ஜாம் போத்தல். லேபிளைச் சுரண்டி எடுத்த போத்தல். ஓரத்தில் கொஞ்சக் கடதாசி ஒட்டிக்கொண்டிருக்கும். குடித்து முடித்து, கிணற்றடிக்குப் போகாமல் வாளித் தண்ணியில் தானே அலசி, முருங்கைமரக் கவட்டில் கவிழ்த்துவிட்டு வருவான். அடுத்த சனிக்கிழமை அது அங்கேயே இருக்கும். சிலநாள் உள்ளே எறும்பு. ஊதிவிட்டு நீட்டுவான்.

ஏணிக் கணக்குக்குப் பிறகு அவன் கை தூக்கவில்லை. சனிக்கிழமை வருவது முதலில் நின்றது. மாரியோடு பள்ளிக்கூடம் வருவதும் நின்றது. தைமாதம் புது இடாப்பில் பெயர் கூப்பிட்டபோது இரண்டு நாள் யாரும் பதில் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சேர் அடிமட்டத்தை வைத்துச் சிவப்பில் ஒரு கோடு இழுத்தார். நேரான கோடு, கோணலாக எதையும் அவர் கீறமாட்டார்.

எங்கள் படலைக்கு வந்த சைக்கிள் அந்தப் படலைக்குப் போகவில்லை. போயிருந்தால் திண்ணையில் இருந்திருக்க வேண்டும், தேத்தண்ணி குடித்திருக்க வேண்டும். அது அவரால் முடியாது என்று எனக்கு அப்போதே தெரியும். சரி, அவரை விடுங்கள். என்னிடமும் சைக்கிள் இருந்தது. ஒன்றரைக் கட்டை தூரம். நான் அந்த வருசம் முழுக்கப் படித்தேன்.

1973இல் பொறியியல் படிக்கக் கட்டுபெத்தை வளாகத்துக்கு எடுபட்டேன். அடுத்த வருசம் பல்கலைக்கழக அனுமதியில் மாவட்டப் பங்கு வந்தது. எனக்குப் பின்னால் வந்த பெடியள் இன்னும் இறுகிப் போனார்கள். என் பெயர் பெரிய மண்டபத்துப் பலகையில் பொன்னெழுத்தில் ஏறியது. பொறியியலும் மருத்துவமும் மட்டுமே ஏறுகிற பலகை. கலைப்பிரிவில் படித்துப் பேராசிரியர் ஆனவன்கூட அதில் இல்லை. போருக்குப் பிறகு நம் சங்கம் காசு சேர்த்து அனுப்பினோமே, மண்டபம் திருத்த. கூரை போட்டதும் முதல் வேலையாக அந்தப் பலகைக்குத்தான் வர்ணம் பூசினார்கள். படம் எடுத்து அனுப்பினார்கள். நானும் பெரிதாக்கி என் பெயரைத் தேடினேன். பிள்ளைகளுக்கும் காட்டினேன்.

83 ஆடிக் கலவரத்தில் கொழும்பில் இருந்தோம். அகதி முகாமிலிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். சீமெந்துத் தொழிற்சாலைப் புகைபோக்கியைக் கண்டதும் தளத்தில் நின்றவர்கள் அழுதார்கள். ஊரில் அந்தமுறை மூன்று மாதம் இருந்தேன். பிறகு இங்கே. சேரிடம் சொல்லிவிட்டு வரப் போனபோது, "போறதெண்டால் போ. ஆனால் நீங்கள் எல்லாரும் போனால் நான் ஆருக்குப் படிப்பிக்கிறது?" என்றார். பகிடியாகத்தான். அவர் எங்கும் போகவில்லை. 95இல் போருக்குப் பயந்து ஊரே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோதும் கொப்பிக் கட்டைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய், அங்கே மரத்தின் கீழ் வகுப்பு வைத்தவர். இதுவும் அதே மனிதர்தான்.

அவனை 2009இல் கண்டேன். ஜேர்மனியில் மச்சாள் வீட்டுக்குப் போன இடத்தில், ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேர். வெயில், சனம், சர்க்கரைத் தண்ணி. வடம் பிடித்து இழுத்தவர்களில் முன்வரிசையில் ஒருவர், நரைத்த தலை, வெறும்மேல், தோளில் கயிற்றுத் தடம் சிவந்து கிடந்தது. தேர் இருப்புக்கு வந்தபிறகு கிட்டப் போய்ப் பெயரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தான். அதில்தான் நிச்சயமானேன்.

80களின் தொடக்கத்தில் கிழக்கு பேர்லினில் விமானத்தால் இறங்கி, ரயில் ஏறி மேற்கே போன பெடியளில் அவனும் ஒருவன். இரும்புப் பட்டறை ஒன்றில் இருபத்தைந்து வருசம். வரைபடம் பார்த்து மெசின் ஓட்டுகிற வேலை. அளவு பிசகினால் அவனைத்தான் கூப்பிடுவார்களாம். மகள் கணிதம் படிப்பிக்கிறாள். அங்கே நம் சங்கத்துக்குக் கிளை இருக்கிறதே, சேரவில்லையா என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "படிச்சு முடிச்ச ஆக்களுக்கெல்லே அது" என்றான். கோபம் தெரியவில்லை. அன்னதானத்துக்கு வரிசை நீளுகிறது என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனான்.

இந்தக் கட்டுரைக்காகப் போன கிழமை அவனுக்குப் போன் எடுத்தேன். சேர் செத்தது அவனுக்குத் தெரிந்திருந்தது. அவனும் அந்தச் செத்தவீட்டைப் போனில் பார்த்தானாம், முழுக்க. ஏன் என்று நான் கேட்கவில்லை. ஏணிக் கணக்கை எழுதப்போகிறேன், பெயர் போடமாட்டேன், எழுதட்டோ என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடுகிற சத்தம்.

"எழுதன். ஆனால் ஒண்டு. விடை சரியெண்டும் எழுது. அண்டைக்கு அந்தாள் சொல்லேல்லை."

ஏணியின் நாலில் மூன்று பங்கு. விடை சரி.