23 கூரைகள்

2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை. மதியம் கீழே இறங்கியபோது எங்கள் குடியிருப்பின் காவலாளி கைபேசியைக் காதில் வைத்தபடி வாசலுக்கும் மோட்டார் அறைக்கும் இடையே நடந்துகொண்டே இருந்தார். ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்தினார். அவருடைய ஊர் நேபாளத்தில் சிந்துபால்சோக் மாவட்டத்து மலைக்கிராமம். கோர்க்கா மாவட்டத்தின் பார்பாக் பக்கம் 11:56க்குத் தொடங்கிய அந்த 7.8 அளவு நிலநடுக்கத்தில் சுமார் 9,000 பேர் இறந்தார்கள். அதிகச் சாவு சிந்துபால்சோக்கில்தான் என்பது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

திங்கட்கிழமை இரவு அவருக்கு லைன் கிடைத்தது. வீடு போய்விட்டது, ஆட்கள் இருக்கிறார்கள். நேபாளத்தில் சனிக்கிழமைதான் வார விடுமுறை. "பள்ளிக்கூடம் இருந்திருந்தா என் பொண்ணு இல்லை சார்" என்றார்.

அன்றிரவே குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: "நேபாள மக்களுக்கு உங்களால் என்ன முடியுமோ கொடுங்கள்." அந்த "என்ன முடியுமோ"தான் நான் செய்த முதல் தவறு. மறுநாள் சாயங்காலத்துக்குள் கூட்ட அறை பாதி நிறைந்துவிட்டது. பழைய சட்டைகள், புடவைகள், பிள்ளைகளுக்குச் சின்னதாகிப்போன சீருடைகள், ஒரு பை நிறையப் பிரித்த மருந்து அட்டைகள். கொடுத்தவர்கள் எல்லோரும் மனதாரத்தான் கொடுத்தார்கள். நான் கேட்ட விதம்தான் சரியில்லை.

மூன்றாவது மாடி அம்மா 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் சில மாதம் தொண்டு வேலை பார்த்தவர். அறை வாசலிலேயே நின்றுவிட்டார். "இதேதான் தம்பி அங்கேயும். ரோட்டோரம் மலை மலையா பழைய துணி. யாரும் தொடலை. மழையில நனைஞ்சு நாறிப்போச்சு, அதை அள்ளிப் போடவே தனியா ஆள் தேவைப்பட்டுது" என்றார்.

இதை ஏற்றி அனுப்புவது எப்படி என்று விசாரித்துப் பார்த்தேன். காத்மாண்டு விமான நிலையத்துக்கு ஒரே ஓடுபாதை. நிவாரண விமானங்களே இறங்க இடமில்லாமல் வானத்தில் சுற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தன. மே தொடக்கத்தில் ஓடுபாதை தாங்காது என்று பெரிய விமானங்களை நிறுத்தியே விட்டார்கள். எல்லையிலும் சுங்கத்திலும் பொருட்கள் தேங்கின. சூரை மீனும் மயோனைஸும் வந்து இறங்குகின்றன, எங்களுக்கு வேண்டியது தானியமும் உப்பும் சர்க்கரையும் என்று அந்நாட்டு நிதியமைச்சர் வெளிப்படையாகவே சொன்னார். துணிகளை வீடு வீடாகத் திருப்பிக் கொடுக்க இரண்டு நாள் ஆனது. சிலருக்கு வருத்தம். பொறுமையாக உட்கார்ந்து காரணத்தைச் சொன்னபோது அவர்களே முதலில் பணம் கொடுத்தார்கள்.

அடுத்த தகவலை நாலு பேராக உட்கார்ந்து எழுதினோம். பணம் மட்டும். இன்ன காரியத்துக்கு, இன்னார் மூலமாக, இன்ன தேதிக்குள். நன்கொடை கேட்கப் போகிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இதைத்தான்: இந்த மூன்றும் எழுத வரவில்லையென்றால் கேட்பதை ஒரு நாள் தள்ளிப்போடுங்கள்.

இரண்டாவது தவறு வங்கிக் கணக்கு. அவசரத்தில் என் சொந்தச் சேமிப்புக் கணக்கின் எண்ணைக் கொடுத்துவிட்டேன். என் சம்பளமும் ஊர்ப் பணமும் ஒன்றாகக் கலந்தன. நாலாம் நாள் வங்கியிலிருந்து கூப்பிட்டு, இத்தனை பேர் எதற்காகப் பணம் போடுகிறார்கள் என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம். கடிதம் எழுதிக் கொடுத்தேன். அதே வாரம் குழுவில் ஒருவர், "கணக்கு யார் பார்க்கிறார்கள்? எங்கே காட்டுவீர்கள்?" என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டார். இரவெல்லாம் எனக்கு மனசு ஆறவில்லை. காலையில் அவர் வீட்டுக்கே போய், "சார், நீங்களே கூட வாங்க" என்றேன். கணக்குத் தணிக்கையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். இருவர் பெயரில் புதிதாக ஒரு கணக்கு, இரண்டு கையெழுத்தும் இருந்தால்தான் பணம் எடுக்கலாம் என்று ஏற்பாடு செய்தார். தினமும் இரவு ஒன்பது மணிக்கு அன்றைய வரவை அவரே குழுவில் போடுவார். பெயர் வேண்டாம் என்றவர்களுக்கு வீட்டு எண் கூட இருக்காது, தொகை மட்டும். அந்த ஒன்பது மணிக் கணக்கு வர ஆரம்பித்த பிறகுதான் அதுவரை பேசாமல் இருந்த வீடுகள் பணம் போட்டன.

வந்த பணத்தில் முக்கால்வாசி முதல் பத்து நாளில் வந்தது. மே 12 அன்று மறுபடி 7.3 அளவில் அதிர்ந்தபோது இன்னும் கொஞ்சம் சேர்ந்தது. அதற்கப்புறம் தொலைக்காட்சியில் வேறு செய்தி, எங்கள் கணக்கும் அப்படியே நின்றது. ஆனால் அங்கே ஜூனில் மழை வரும். வயலில் தார்ப்பாய்க்குக் கீழே படுத்திருப்பவர்கள் அதற்குள் ஒரு கூரைக்குள் போயாக வேண்டும். இதைச் சொன்னவர் காவலாளிதான். எங்களுக்கு அதுவரை தோன்றவில்லை.

எல்லாவற்றையும் உடனே அனுப்பிவிட வேண்டும் என்று பாதிப் பேர், கொஞ்சம் வைத்திருப்போம் என்று பாதிப் பேர். ரொம்ப நேரம் பேசினோம். கடைசியில், ஏற்கெனவே அங்கே ஆட்களோடு இறங்கி வேலை பார்த்த ஒரு பெரிய நிவாரண அமைப்புக்கு ஒரு பாதியை உடனே கொடுத்து ரசீது வாங்கினோம். மறு பாதி கூரைக்கு.

தற்காலிகக் கூரைக்காக வீடு இழந்த குடும்பத்துக்கு 15,000 நேபாள ரூபாய் என்று அந்நாட்டு அரசு வைத்திருந்தது. நம் ஒரு ரூபாய்க்கு அவர்களுடைய 1.60 என்ற விகிதம் மாறாதது, ஆக 9,375 ரூபாய். இதையே நாங்களும் ஒரு கூரைக்கான அளவாக எடுத்துக்கொண்டோம். எங்களிடம் 23 கூரைக்குப் பணம் இருந்தது. வங்கியின் இந்தியா–நேபாளப் பணப் பரிமாற்றத் திட்டத்தில் அப்போது ஒரு தடவைக்கு 50,000 வரைதான் அனுப்ப முடியும், அதனால் ஐந்து தவணையாகப் போனது. வாங்கிக்கொண்டவர் காவலாளியின் மைத்துனர், அந்த ஊர்ப் பள்ளியில் ஆசிரியர்.

அவர் அனுப்பிய முதல் பட்டியலில் பெரும்பாலும் சொந்தக்காரர்கள். காவலாளியிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தயக்கமாக இருந்தது. அவரே பட்டியலைப் பார்த்துவிட்டு மைத்துனரைக் கூப்பிட்டார். ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தாழ்த்தப்பட்டோர் வீடுகள் எங்கே, புருஷன் இல்லாத அந்த இரண்டு அம்மாக்கள் எங்கே என்று கேட்டார். வெளியூரில் சம்பாதிக்க ஆள் இல்லாத வீடு முதலில் என்று வரிசை மாறியது. "என் வீட்டைக் கடைசியில போடுங்க. எனக்கு இங்கே சம்பளம் இருக்கு" என்றார்.

தகரத்தை அங்கே ஜஸ்தா பாதா என்கிறார்கள். எல்லோரும் அதையே தேடியதால் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. அந்தப் பக்கம் போகிற அர்னிகோ நெடுஞ்சாலையில் மண் சரிந்து கிடந்தது. வண்டி போகிற வரை வண்டி, அதற்குமேல் ஊர்க்காரர்களே நாம்லோ என்கிற பட்டையை நெற்றியில் மாட்டி, முதுகில் சுமந்து ஏறினார்கள். ஜூன் நடுவில் படங்கள் வந்தன. பழைய கல்லையும் மரத்தையும் வைத்துக் கட்டிய தாழ்வான சுவர்கள், மேலே புதுத் தகரம். கூடவே கடை ரசீது, வாங்கியவர்களின் கையெழுத்தும் கைநாட்டும் இருந்த தாள். ரசீதை வரிக்கு வரி கூட்டிப் பார்த்த தணிக்கைக்காரர், விலை ஏறியதில் பணம் 21 கூரைக்குத்தான் வந்திருக்கிறது என்றார். வரிசையில் 23ஆவது பெயர் காவலாளியின் மனைவியுடையது.

அவரிடம் போனேன். "மாட்டுக்கொட்டகையில ஒரு பக்கம் ஒழுகாது, இருந்துப்பாங்க" என்றார். குழுவில் தன் பெயரை எழுத வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

அன்றிரவு ஒன்பது மணிக் கணக்கின் கீழே ஒரே ஒரு வரி போட்டோம்: இரண்டு கூரை குறைகிறது. பத்தரைக்குள் பணம் வந்துவிட்டது. ஜூலை முதல் வாரத்தில் அந்த இரண்டு கூரையும் ஏறின.