121 தோல்வியும் ஒரு பென்சிலும்

2024 மே 24, வெள்ளிக்கிழமை காலை. சிகாகோ ஆபீஸில் காபி மெஷினுக்குப் பக்கத்தில் பெரியவர் ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு அதையே முறைத்துப் பார்த்தபடி நின்றார். தாள் முழுக்கக் கட்டம் கட்டமாகக் கோடு. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் பென்சிலில் எண்கள், எழுத்துகள். கடைசிக் கட்டம் மட்டும் அழித்து அழித்து எழுதியதில் நைந்துபோயிருந்தது.

"இதை எப்படிக் குறிப்பது என்று நேற்று ராத்திரியிலிருந்து மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன்" என்றார்.

அவர் அந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் ஆள். முப்பது வருஷமாக அவர்களுடைய பழைய மெயின்ஃபிரேம் என்ற பெரிய கணினியைக் கட்டிக் காத்தவர். நான் அந்த மெயின்ஃபிரேமுக்குச் சமாதி கட்டுவதற்காக வெளியிலிருந்து வந்த ஒப்பந்தக்காரன். பாலிசிதாரர்களின் விவரங்களைப் பழைய சிஸ்டத்திலிருந்து எடுத்துப் புதியதில் ஏற்ற வேண்டும், அதுதான் வேலை. அப்படி ஏற்றுவதற்கு 'லோடு' என்று பெயர். அங்கே எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், அவரையும் அப்படித்தான். ஆனால் நாங்கள் நாலைந்து தமிழ் ஆட்கள் எங்களுக்குள் பேசும்போது அவர் 'பெரியவர்'. பெயர் சொல்ல ஏனோ வாய் வரவில்லை.

பெரியவர் சிகாகோவின் தெற்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். தெற்குப் பக்கம் என்றால் வொயிட் சாக்ஸ் பேஸ்பால் அணி. வடக்குப் பக்கத்து கப்ஸ் அணியைப் பற்றி அவரிடம் பேசவே கூடாது. அது தெரியாமல் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே நான் கப்ஸ் தொப்பி ஒன்றைப் போட்டுக்கொண்டு போய், ஒரு நாள் முழுக்க அவர் என்னோடு பேசாத கதையும் உண்டு.

அன்று அவர் கையில் இருந்தது முந்தின நாள் பால்டிமோர் அணியோடு நடந்த ஆட்டத்தின் ஸ்கோர் தாள். கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் 8-2 என்று பின்தங்கியிருந்த வொயிட் சாக்ஸ் நாலு ரன் எடுத்து 8-6க்கு வந்துவிட்டது. மூன்று அவுட்டில் ஒன்று ஏற்கெனவே போயிருந்தது. ரன்னுக்காக ஓடுகிறவர்கள் நின்று போகும் பேஸில் இரண்டு பேர். அடித்த பந்து நேரே மேலே போனது. பேஸ்பாலில் 'இன்ஃபீல்டு ஃப்ளை' என்று ஒரு விதி: இந்த மாதிரி சுலபமான கேட்ச் என்றால், பிடித்தாலும் விட்டாலும் அடித்தவர் அவுட். சரி, இரண்டாவது அவுட் போனது. அதோடு நிற்காமல், ஃபீல்டர் பந்துக்கு வரும் வழியில் இரண்டாவது பேஸில் நின்ற ஆண்ட்ரூ வான் குறுக்கிட்டார் என்று நடுவர் அவரையும் அவுட் கொடுத்துவிட்டார். ஆட்டம் முடிந்தது. ஜெயித்தாலும் ஜெயித்திருக்கலாம் என்று நினைக்கிற இடத்தில், ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோற்றாகிவிட்டது.

ஸ்கோர் எழுதுவது எப்படி என்று பெரியவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். மைதானத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண்: பந்து வீசும் பிட்சர் 1, அதைப் பிடிக்கும் கேட்சர் 2, அப்படியே போய் இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6, வலது ஓரத்தில் நிற்பவர் 9. ஷார்ட்ஸ்டாப் எடுத்து, இரண்டாம் பேஸ்காரரிடம் வீசி, அவர் முதல் பேஸுக்கு வீசி இரண்டு பேரை அவுட் ஆக்கினால் 6-4-3. மூன்று ஸ்டிரைக் வாங்கி அவுட் ஆனால், அதாவது ஸ்டிரைக் அவுட்டுக்கு, 'கே'. மட்டையைச் சுழற்றாமல் நின்று பார்த்தே அவுட் ஆனால் அதே 'கே'யைத் திருப்பிப் போட வேண்டும். ஃபீல்டர் தப்பு செய்தால் 'ஈ', பக்கத்திலேயே அவருடைய எண். யார் தப்பு என்பது தாளில் ஏறிவிடும். ஐம்பது வருஷம் கழித்து எடுத்துப் பார்த்தாலும் அங்கேயே இருக்கும்.

இது எனக்கு உறுத்தியது. நான் வாராவாரம் எழுதுவதும் ஒரு தாள்தான். அதற்கு ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் என்று பெயர். பச்சை என்றால் எல்லாம் சுகம், மஞ்சள் என்றால் கொஞ்சம் கவலை, சிவப்பு என்றால் வீடு பற்றி எரிகிறது. எங்கள் திட்டம் அப்போது பதினோரு வாரமாக மஞ்சளில் இருந்தது. உள்ளே என்ன நடந்தது என்றால், பழைய சிஸ்டத்தில் ஒரே வாடிக்கையாளர் மூன்று இடத்தில் மூன்று பிறந்த தேதியோடு இருந்தார். எந்தத் தேதியை நம்புவது என்று முதல் வருஷமே முடிவு செய்திருக்க வேண்டும், செய்யவில்லை. சிகாகோவில் காலை எட்டு மணிக்கு அழைப்பில் உட்காருவோம். சென்னையில் அப்போது மாலை ஆறரை. அந்தப் பக்கத்துத் தம்பி ஒருத்தன் தினமும் ஒரே வாக்கியத்தைச் சொல்வான்: "அண்ணே, நேத்து ஓட்டின லோடு மறுபடியும் ஃபெயில்." நான் அதை "சில சவால்கள் கண்டறியப்பட்டு ஆய்வில் உள்ளன" என்று மாற்றி மஞ்சள் அடிப்பேன்.

வொயிட் சாக்ஸுக்கு அந்த வசதி இல்லை. பேஸ்பால் சீசன் என்பது ஆறு மாதத்தில் 162 ஆட்டம். ஐபிஎல்லில் ஒரு அணிக்கு லீக் ஆட்டம் மொத்தமே 14. 2025இல் சென்னை அணி அதில் பத்தைத் தோற்றுக் கடைசி இடத்துக்குப் போனதற்கே நம் வீடுகளில் இழவு விழுந்த மாதிரி இருந்தது. வொயிட் சாக்ஸ்காரர்கள் 2024இல் முதல் 25 ஆட்டத்தில் 22 தோற்றார்கள். மே கடைசியில் தொடங்கித் தொடர்ச்சியாக 14. ஜூலை 10இலிருந்து ஆகஸ்ட் 5 வரை தொடர்ச்சியாக 21. தோற்ற மறுநாளும் சீருடை மாட்டிக்கொண்டு வந்து நிற்க வேண்டும். மறுநாள் பேப்பரில் ஸ்கோர் வரும், அதற்கு மஞ்சள் பெயின்ட் கிடையாது.

இத்தனைக்கும் மூன்றே வருஷத்துக்கு முன்னால், 2021இல், இதே அணி 93 ஆட்டம் ஜெயித்துத் தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. அடுத்த வருஷம் 81 வெற்றி, 81 தோல்வி. 2023இல் 101 தோல்வி. அந்த ஆகஸ்டில்தான் அணி நிர்வாகத்தில் மேலே இருந்த கென்னி வில்லியம்ஸையும் ரிக் ஹானையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். பெரியவரைக் கேட்டால் 2024இல் யாரும் தோற்கவில்லை என்பார். "தோற்றது 2022இல். அப்போதே எல்லோருக்கும் தெரியும். 'இந்தப் பையன்கள் காயத்திலிருந்து மீண்டு வந்துவிடுவார்கள், பழைய மாதிரி ஆகிவிடும்' என்று சொல்லிச் சொல்லியே இரண்டு வருஷம் ஓட்டினார்கள்." அப்புறம் அணியைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். நல்ல பிட்சர் டிலன் சீஸை 2024 மார்ச்சில் சான் டியாகோவுக்குக் கொடுத்தார்கள். அவர் ஜூலை 25 அன்று அந்த அணிக்காக ஆடி, எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் முழு ஆட்டத்தையும் முடித்தார். இங்கே அந்த 21 தோல்வி நடந்துகொண்டிருந்த நேரம். அன்று பெரியவர் மதிய சாப்பாட்டுக்குக் கீழே இறங்கவில்லை.

தோற்றால் அடுத்த வருஷம் நல்ல இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்க முதல் வாய்ப்பாவது கிடைக்குமே என்று ஒருநாள் ஆறுதல் சொன்னேன். அதுவும் இல்லை. யார் முதலில் தேர்ந்தெடுப்பது என்பதற்குக் குலுக்கல் உண்டு, பெரிய நகரத்து அணிகள் அடுத்தடுத்து இரண்டு வருஷம் அதில் முன்னிடம் பெற முடியாது என்று ஒரு விதியாம். அத்தனை தோற்றும் 2025இல் அந்த வரிசையில் அவர்களுக்குக் கிடைத்தது பத்தாவது இடம்.

ஆகஸ்ட் 6 ராத்திரி ஓக்லண்டில் ஒருவழியாக 5-1 என்று ஜெயித்தார்கள். சிகாகோவில் பதினோரு மணி இருக்கும். பெரியவரிடமிருந்து போனில் ஒரு செய்தி வந்தது, வெறும் '5-1'. மறுநாள் எங்கள் தளம் முழுக்க டோனட் பெட்டிகள். ஆகஸ்ட் 8 அன்று அணியின் மேலாளர் பெட்ரோ கிரிஃபோலை நீக்கினார்கள். அவர் கணக்கில் 28 வெற்றி, 89 தோல்வி. அவருக்குப் பதில் வந்த கிரேடி சைஸ்மோர் 13 ஜெயித்து 32 தோற்றார். கொஞ்சம் பரவாயில்லை என்று சொல்லலாம், அவ்வளவுதான். மேலாளரை மாற்றுவது நம் தொழிலிலும் நடக்கிற சடங்குதான். அதை நான் எப்போதும் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

அந்த வாரம்தான் நான் ரிப்போர்ட்டில் சிவப்பு போட்டேன். வீரம் என்றெல்லாம் இல்லை. அந்த வாரமும் "சவால்கள் கண்டறியப்பட்டு" என்று தட்ட உட்கார்ந்தேன், விரல் போகவில்லை. 'மூன்று பிறந்த தேதிகளில் எது சரி என்று யாரும் முடிவெடுக்கவில்லை. எடுக்காதவரை லோடு ஓடாது. முதல் வருஷம் இதைக் கேட்காமல் விட்டது என் தப்பு' என்று எழுதி அனுப்பினேன். என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு 'ஈ' போட்ட மாதிரி.

பத்து நிமிஷத்தில் எங்கள் நிறுவனத்து மேலதிகாரியிடமிருந்து போன். "யாரைக் கேட்டு சிவப்பு போட்டீங்க?" என்றார். பதில் சொல்லாமல் இருந்தேன். "கிளையன்ட் பார்த்துட்டாங்க. இனி பச்சையாக்க முடியுமா?" என்றார். முடியாது என்றேன். அதற்குப் பிறகு என்னைச் சில கூட்டங்களுக்குக் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்கள். உண்மையைச் சொன்னால், அதில் எனக்கு நேரம் மிச்சமானது.

செப்டம்பர் 22 அன்று சான் டியாகோவில் 120வது தோல்வி. 1962இல் நியூயார்க் மெட்ஸ் தோற்றதும் அதே 120தான். மெட்ஸுக்காவது அது முதல் சீசன், ஆளுக்கு ஆள் பொறுக்கிச் சேர்த்த அணி. வொயிட் சாக்ஸ் 1901இலிருந்து அமெரிக்கன் லீகில் இருக்கிறது, சொல்லிக்கொள்ளச் சாக்கே இல்லை. இன்னும் ஒன்று தோற்றால் நவீன காலத்தின் மிக மோசமான அணி. அடுத்த மூன்று ஆட்டமும் சொந்த ஊரில், லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸோடு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பெரியவர் என் மேஜைக்கு வந்து, "கிளம்பு" என்றார்.

ரெட் லைன் ரயிலில் 35வது தெருவில் இறங்கினோம். வந்த கூட்டத்தில் பாதிப் பேர் சரித்திரத்தை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று வந்தவர்கள். "செல் த டீம்" என்று உரிமையாளர் ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃபுக்குக் கேட்கும்படி கத்தினார்கள். ஏழு இன்னிங்ஸ் முடிந்தும் வொயிட் சாக்ஸ் 2-0 என்று பின்னால்தான் இருந்தது. பெரியவர் கத்தவில்லை. மடியில் அட்டை, அதன்மேல் தாள், காதில் ஒரு பென்சில், கையில் ஒரு பென்சில். ஒவ்வொரு பந்துக்கும் குனிந்து நிமிர்ந்தார். எட்டாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது, "கேம்ப்ஃபயர் மில்க்‌ஷேக் வாங்கி வருகிறேன், நீ எழுது" என்று பென்சிலை என்னிடம் கொடுத்தார். அந்த வருஷம் அந்த மைதானத்தில் பேர் வாங்கிய ஒரே சமாச்சாரம் அந்த மில்க்‌ஷேக்தான்.

நான் ஒழுங்காகத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். நடுவில் போன் அதிர்ந்தது. கிளையன்ட் பக்கத்திலிருந்து மெயில்: திட்டம் நிறுத்திவைக்கப்படுகிறது. இரண்டு முறை படித்தேன். தலையை நிமிர்த்தினால் சுற்றி ஒரே இரைச்சல், பாதி கைதட்டல், பாதி ஊளை. முதல் பேஸில் ஒரு ஆள் நிற்கிறார். எப்படி அங்கே போனார் என்று எனக்குத் தெரியாது. வொயிட் சாக்ஸ் அந்த இன்னிங்ஸில் மூன்று ரன் எடுத்து 3-2 என்று ஜெயித்தது.

புதனும் வியாழனும்கூட ஜெயித்தார்கள். வெள்ளிக்கிழமை டெட்ராய்ட்டில் 4-1 என்று தோற்று 121 ஆனது. அதே ஆட்டத்தில் டெட்ராய்ட், பத்து வருஷத்துக்குப் பிறகு பிளேஆஃப் போனது. பிறகு இரண்டு ஜெயித்து 41-121 என்று சீசனை முடித்தார்கள்.

அக்டோபரில் என் கடைசி நாளன்று பெரியவர் அந்தச் செவ்வாய்க்கிழமைத் தாளின் நகல் ஒன்றைக் கொடுத்தார். என் கையெழுத்து எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்தவுடனே தெரிந்தது. எட்டாவது இன்னிங்ஸில் நான் காலியாக விட்ட கட்டத்தை அவர் நிரப்பியிருந்தார், ஆனால் ஆட்டத்தின் குறிப்பால் இல்லை. 'டபிள்யூ டபிள்யூ' என்று இரண்டு எழுத்து. இதற்கு என்ன எண் என்று கேட்டேன்.

அது எண் இல்லை என்றார். நியூயார்க் யாங்கீஸின் பழைய வர்ணனையாளர் ஃபில் ரிசூட்டோ போட்ட குறியாம். பேசிக்கொண்டே இருந்து ஆட்டத்தைக் கோட்டை விட்டுவிட்டால், அந்தக் கட்டத்தில் அவர் 'டபிள்யூ டபிள்யூ' என்று எழுதிவிடுவார். 'வாஸன்ட் வாட்சிங்'. நான் பார்க்கவில்லை.