அம்சாவுக்கு வந்த வரன்

சனிக்கிழமை சாயங்காலம் பெரியத்தை ரங்கூனில் எங்கள் வீட்டுக்கு நாலு மாடி ஏறி, மூச்சு வாங்க வாசலில் வந்து நின்றார். ஒரு கையில் காளியம்மன் கோயில் பிரசாதம், இன்னொரு கையில் ரப்பர் பேண்ட் போட்ட பிளாஸ்டிக் பை. பைக்குள் தண்ணீர். தண்ணீருக்குள் நாலு சென்டிமீட்டர் நீளத்தில், பச்சைப் பசேலென்று ஒரு ஆமைக்குஞ்சு.

"அம்சா பாவம், தனியாக் கிடக்குறா. அதான் ஒரு வரன் பாத்துட்டேன்."

அம்சா எங்கள் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளரும் சிவப்புக் காது ஆமை. சோபாவில் முப்பத்திரண்டு வயதில் ஒருத்தன் போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஊரெல்லாம் சொல்லி வைத்தும் அவனுக்கு இன்னும் ஒரு பெண் அமையவில்லை. ஆமைக்கு ஒரே நடையில் முடித்துவிட்டார்.

அத்தைக்கு இந்த எண்ணம் வந்ததற்குக் காரணம் உண்டு. தொட்டி பக்கம் யார் போனாலும் அம்சா கண்ணாடியில் மூக்கை முட்டிக்கொண்டு நாலு காலையும் அடிப்பாள். அத்தை கண்ணுக்கு அது ஏக்கம். உண்மையில் அது பசிகூட இல்லை, ஆள் தெரிந்தால் சாப்பாடு விழும் என்ற பழக்கம். அத்தையே வரும்போதெல்லாம் கருவாட்டுத் துண்டு போட்டு வளர்த்த பழக்கம். (கருவாட்டில் உப்பு. போடக் கூடாது. சொல்லியாச்சு, கேட்கவில்லை.) ஆள் இல்லாத நேரத்திலும் நாள் முழுக்கக் கண்ணாடியைப் பிறாண்டினால்தான் கவனிக்கணும். தொட்டி சின்னதாகியிருக்கும், தண்ணீர் சூடேறியிருக்கும், கண்ணாடியில் தன் பிம்பத்தையே பார்த்து முறைத்துக்கொண்டிருக்கும், பெட்டையாக இருந்தால் முட்டையிட மண் தேடும். இந்தப் பட்டியலில் தனிமைக்கு இடமே இல்லை. சிவப்புக் காது ஆமை குடும்பம் நடத்துகிற ஜாதி இல்லை. தாய் முட்டையிட்டு மண்ணை மூடிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடும்.

"பொட்டடாங் பயா குளத்துல ஒண்ணு மேல ஒண்ணு எவ்வளவு பாசமா உக்காந்திருக்கு!"

அத்தை சொன்னது பொட்டடாங் பயாவில், அதாவது புத்த கோயிலில், இருக்கும் ஆமைக் குளத்தை. அது பாசம் இல்லை, இடநெருக்கடி. வெயில் படுகிற இடம் கொஞ்சம், ஆமைகள் நிறைய. மேலே ஏறியதற்கு வெயில், கீழே மாட்டியதற்கு நிழல். குளத்திலாவது வேறு கல் தேடிப் போகலாம். தொட்டியில் ஒரே மேடைதான் இருக்கும். பலம் குறைந்தது தினமும் கீழேயே கிடந்தால் அதற்குப் புற ஊதாக் கதிர் கிடைக்காது, சுண்ணாம்புச் சத்து உடம்பில் சேராது, ஓடு மெத்துப்போகும்.

அடுத்தது மாப்பிள்ளையின் தகுதி. கடைக்காரன் ஆண் என்று சத்தியம் செய்தானாம். நாலு சென்டிமீட்டர் குஞ்சை வெறும் கண்ணால் பார்த்து ஆண், பெண் சொல்ல எந்த டாக்டராலும் முடியாது. ஓடு பத்து சென்டிமீட்டரை நெருங்கும்போதுதான் அடையாளம் தெரிய ஆரம்பிக்கும். ஆணுக்கு முன்னங்கால் நகம் நீளும், வால் தடிக்கும், வாலில் உள்ள துவாரம் ஓட்டின் விளிம்பைத் தாண்டி இருக்கும். பெட்டைக்கு நகமும் குட்டை, வாலும் குட்டை, உடம்பு மட்டும் 25 சென்டிமீட்டரைத் தாண்டிப் போகும். ஆணா பெண்ணா என்று முடிவு செய்வதும் முட்டை பொதிந்திருந்த மண்ணின் சூடுதான். 26 டிகிரி அளவில் இருந்தால் ஆண், 31 தாண்டினால் பெண். இவர்களுக்கு ஜாதகமே தெர்மாமீட்டரில்தான் எழுதுகிறார்கள்.

சரி, ஆணாகவே வளரட்டும். பருவம் வந்த ஆண், பெட்டையின் முகத்துக்கு நேராகப் பின்பக்கமாக நீந்திக்கொண்டே, நீண்ட நகங்களை அவள் கன்னத்தருகே படபடவென்று ஆட்டும். விசிறி வீசுவது போலப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். அவள் மசியவில்லை என்றால் கழுத்தில் ஒரு கடி, வாலில் ஒரு கடி, காலில் ஒரு கடி. ஆற்றில் என்றால் அவள் ஓடிவிடுவாள். நாலடிக் கண்ணாடித் தொட்டியில் எங்கே ஓடுவாள்? கடித்த இடத்தில் புண், புண்ணில் கிருமி. ஆண் இல்லாமலே பெட்டை முட்டையிடும் என்பது வேறு விஷயம். அதற்கு ஓர் அடி ஆழம் ஈர மண் வைக்க வேண்டும். மண் இல்லாவிட்டால் முட்டையை உள்ளேயே அடக்கிக்கொண்டு உயிருக்கே ஆபத்தாகும்.

ஆனால் அதெல்லாம் பின்னால். அம்சா இப்போது 18 சென்டிமீட்டர், வரன் நாலு. இன்றே ஒரே தொட்டியில் விட்டால் அது கல்யாணம் ஆகாது, விருந்துதான்.

இடக் கணக்கை அத்தைக்குப் பேப்பரில் எழுதியே காட்டியாயிற்று. ஆமை வளர்ப்பவர்கள் ஓட்டின் நீளம் ஓர் அங்குலத்துக்குப் பத்து காலன் என்று வைப்பார்கள். 18 சென்டிமீட்டர் ஏழு அங்குலம், அதற்கு எழுபது காலன், சுமார் 265 லிட்டர். இரண்டாவது பெரிய ஆமைக்கு இன்னும் பாதி சேர்த்தால் 400 லிட்டர். அதற்கு ஃபில்டர் குறைந்தது 800 லிட்டர் தொட்டிக்கென்று அளவு போட்டது வேண்டும், ஆமை கழிக்கும் கழிவு அப்படி. 400 லிட்டர் 400 கிலோ, நம் பர்மாக் கணக்கில் 245 வீசை, கண்ணாடியும் கல்லும் தனி. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம், மரத்தளம், நாலாவது மாடி. கீழ்வீட்டு அண்ணன் இப்போதே கூரையைப் பார்த்துக்கொண்டுதான் மொயிங்கா சாப்பிடுகிறார்.

கரண்ட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஃபில்டர் பல மணி நேரம் நின்றால் உள்ளே இருக்கும் நல்ல பாக்டீரியா மூச்சு முட்டிச் சாகும். கரண்ட் வந்ததும் அப்படியே ஓடவிட்டால் அந்த நாற்றத் தண்ணீர் முழுக்கத் தொட்டிக்குள் வரும். கழற்றி, பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசி, பிறகுதான் போட வேண்டும். இந்த வேலையை இரண்டு தொட்டிக்குச் செய்யப் போவது யார்? சோபாவில் இருப்பவன் அப்போதுதான் முதல் தடவையாகப் போனிலிருந்து தலையைத் தூக்கினான்.

சித்தப்பா சமரசத்துக்கு வந்தார். "திஞ்சான் புத்தாண்டுக்கு பயா குளத்துல விட்டுருவோம். புண்ணியம்." புண்ணியமாவது! இது அமெரிக்க ஆமை, மிசிசிப்பி பக்கத்தது. உலகத்தின் மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்கள் பட்டியலில் இதன் பேர் இருக்கிறது. உள்ளூர் ஆமைகளின் சாப்பாட்டையும் வெயில் மேடையையும் பிடித்துக்கொள்ளும். அழிந்தே போயிற்று என்று நினைத்திருந்த பர்மாக் கூரை ஆமை 2000-களின் தொடக்கத்தில் திரும்பக் கிடைத்ததே மண்டலே பயா குளம் ஒன்றில்தான். அப்படிப்பட்ட குளத்தில் இதைக் கொண்டு போய் விடுவதா?

ஆக, குஞ்சு இப்போது குளியலறையில் நீல பேசினில் இருக்கிறது. புதிதாக வந்ததை மூன்று மாதம் தனியாக வைத்து நோய் பார்க்க வேண்டும், வலை, வாளி எல்லாம் வேறு வேறு. தண்ணீர் ஆழம் ஓட்டின் அகலத்துக்குக் குறையக் கூடாது, மல்லாந்தால் புரண்டு எழ அவ்வளவாவது வேண்டும். ஏறிக் காய ஒரு செங்கல். தினமும் அதன் தலை அளவுக்குத்தான் தீவனம். காலையில் பால்கனியில் நேர் வெயில், பாதி நிழல், மேலே கம்பி வலை. ரங்கூன் காக்காய்க்கு இது ஒரு வாய்தான். பாப்பா அதற்கு முத்தம் கொடுக்கப் போய் அடி வாங்கினாள். சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கும், தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவணும். பிள்ளைகள் வாயில் வைக்கிறார்கள் என்றுதான் அமெரிக்காவிலேயே நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஆமையை விற்க 1975-இல் தடை போட்டார்கள்.

கடைசியில் எல்லோருக்கும் பளிச்சென்று ஒரு வழி தோன்றியது. தாம்வேயில் அத்தை வீடு தரைத்தளம். கொல்லையில் பெரிய சிமெண்ட் தொட்டி சும்மா கிடக்கிறது. வெயிலும் உண்டு, மண்ணும் உண்டு, 500 வீசையும் தாங்கும்.

"அத்தே, நீங்களே கொண்டு போய் வளருங்களேன்."

அத்தை பிரசாதத் தூக்கை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். "நல்லாச் சொன்னீங்க போங்க. ஆமை புகுந்த வீடு உருப்படுமா?"